வாங்க ஆளிருந்த குழாயும் ஆளில்லாத குழாயும்

கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைகளில் பிறந்து மான்டரே விரிகுடாவில் கலக்கும் சான் லொரென்சோ ஆற்றின் பள்ளத்தாக்கில், ஒரே நெடுஞ்சாலையில் சில மைல் இடைவெளியில் ஃபெல்ட்டன், போல்டர் கிரீக் என்ற இரண்டு சிற்றூர்கள் உள்ளன. ஃபெல்ட்டனின் குடிநீர் அமைப்பு பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது; ஊர்மக்கள் ஆறாண்டுகள் போராடி, தங்கள் மீது தாங்களே வரி விதித்துக்கொண்டு, 2008ஆம் ஆண்டில் அதை விலைக்கு வாங்கிப் பொதுத்துறையிடம் சேர்த்தார்கள். போல்டர் கிரீக்கின் ஒரு பகுதிக்கு நீர் வழங்கிவந்த பிக் பேசின் வாட்டர் கம்பெனியோ ஒரு குடும்பத்தின் சிறு நிறுவனம். 2020ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் அதன் சுத்திகரிப்பு நிலையமும் தொட்டிகளும் குழாய்களும் எரிந்துபோன பிறகு, அதைத் தொடர்ந்து நடத்த இயலாத நிலையில், 2023ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை அமர்த்த வேண்டியதாயிற்று.

இரண்டும் ஒரே மாநிலத்தின் ஒரே ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்காணிப்பில் இருந்தவை. லாபம் தரும் நிறுவனத்தைப் பொதுமக்கள் கையகப்படுத்துவதற்குத் தேவையான சட்டக் கருவிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கூர் தீட்டப்பட்டிருக்கின்றன. நொடித்துப்போகும் நிறுவனத்தை உரிய நேரத்தில் ஏற்றுக்கொள்வதற்கான ஏற்பாடோ மிக அண்மைக்காலம் வரை இல்லவே இல்லை என்பதுதான் இவ்விரு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது புலப்படும் உண்மை. தண்ணீருக்கு உண்மையாகவே திண்டாடுபவர்கள் இரண்டாம் வகை ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குடிநீர் வழங்கல் தனியார் தொழிலாகவே தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1868ஆம் ஆண்டில் தன் நீர் அமைப்பை முப்பது ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் விட்டு, குத்தகை முடிந்த பின் நீண்ட வழக்காடி, 1902ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் கொடுத்து மீட்டது. அந்தத் தனியார் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் மல்ஹாலண்டும் அமைப்போடு சேர்ந்தே நகராட்சிப் பணிக்கு வந்து, பிற்காலத்தில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்த பெருங்கால்வாயை அமைத்தார். சான் பிரான்சிஸ்கோ நகரம் 1858ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்பிரிங் வேலி வாட்டர் கம்பெனியை வாங்குவதற்குப் பல தேர்தல்களைச் சந்தித்து, 1930ஆம் ஆண்டில்தான் ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு அதை அடைந்தது. பெருநகரங்கள் இவ்வாறு விலகிக்கொண்ட பிறகு எஞ்சியவை புறநகர்களும் மலையூர்களும் பாலைவனத்து மனைப்பிரிவுகளுமே. மனை விற்பவர் வீடுகளுக்கு நீர் காட்டினால்தான் மனை விலைபோகும் என்பதால் கிணறு ஒன்றைத் தோண்டிக் குழாய் பதித்து, மனைகள் விற்றுத் தீர்ந்ததும் அந்த அமைப்பை ஒரு சிறு நிறுவனத்திடம் விட்டுச்செல்வது அங்கே வழக்கமாயிருந்தது. பல சிறு நிறுவனங்களின் பிறப்பு இத்தகையதே.

நாற்பது வீட்டுக்கும் ஒரே சட்டம்

கலிஃபோர்னியாவில் தனியார் குடிநீர் நிறுவனங்களின் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கு உரியது. இரயில் நிறுவனங்களை அடக்குவதற்கென அமைந்த இரயில்பாதை ஆணையத்துக்கு 1911ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றின் மீதும் அதிகாரம் தரப்பட்டது. 1946ஆம் ஆண்டில் அதன் பெயர் இப்போதுள்ளவாறு மாறியது. ஒரு தெருவில் இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய் பதிப்பது வீண்செலவு என்பதால் ஒரே நிறுவனத்துக்கு ஏகபோகத்தை அனுமதித்து, அதற்கு ஈடாக அதன் விலையை அரசு தீர்மானிப்பது என்பதே இந்த முறையின் அடிப்படை.

விலையைத் தீர்மானிக்கும் கணக்கு எளிமையானது போலத் தோன்றும். நிறுவனம் மக்களின் பயன்பாட்டுக்காகக் குழாய், கிணறு, தொட்டி ஆகியவற்றில் முடக்கியுள்ள மூலதனத்திலிருந்து ஆண்டுதோறும் ஏற்படும் தேய்மானத்தைக் கழித்து எஞ்சும் தொகை கட்டண மூலதனம் எனப்படும். அந்தத் தொகையின் மீது ஆணையம் ஏற்கும் விழுக்காட்டில் லாபமும், சம்பளம், மின்சாரம், ரசாயனம், வரி முதலிய நடைமுறைச் செலவுகளும் சேர்ந்ததே நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் வசூலிக்கக்கூடிய மொத்த வருவாய். அந்த லாபம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலும் ஒரு தண்ணீர் வழக்கிலிருந்தே பிறந்தது: மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு குடிநீர் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1923ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பில், அதே அளவு இடர் உள்ள பிற தொழில்களில் முதலீட்டாளர் பெறுவதற்கு நிகரான வருவாயைப் பெற இத்தகைய நிறுவனங்களுக்கு உரிமை உண்டென்று நீதிமன்றம் கூறியது.

ஒரு லட்சம் இணைப்புகள் கொண்ட நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது. மூலதனம் பெருகப் பெருக லாபமும் பெருகுவதால் அத்தகைய நிறுவனம் வேண்டியதற்கு மேலும் முதலீடு செய்ய முனையும். அதைத் தடுப்பதே ஆணையத்தின் வேலையாகிறது. சிறு நிறுவனத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அறுபது ஆண்டுக்கு முன் பதித்த குழாயின் மதிப்பு தேய்மானக் கணக்கில் என்றோ பூச்சியமாகிவிட்டதால் அதன் மீது நிறுவனத்துக்கு லாபம் என எதுவும் வருவதில்லை. புதிய குழாய் பதித்தால் லாபம் வரும், ஆனால் அதற்குரிய கடனை எந்த வங்கியும் தருவதில்லை. 500 வீடுகளுக்கு நீர் தரும் நிறுவனம் 20 லட்சம் டாலரில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டுமென்று வைத்துக்கொண்டால் வீடொன்றின் பங்கு 4,000 டாலர். அதே நிலையத்தின் செலவு 50,000 வீடுகளின் மீது பரவினால் பங்கு 40 டாலர்தான். எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும், எவ்வளவு கண்டிப்பாகக் கண்காணித்தாலும் மாறாத கணக்கு இது.

ஆணையம் நிறுவனங்களை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. 10,000 இணைப்புகளுக்கு மேற்பட்டவை ஏ வகுப்பு. 2,000க்கு மேல் 10,000 வரை பி. 500க்கு மேல் 2,000 வரை சி. 500 அல்லது அதற்குக் குறைவானவை டி. மொத்தம் ஏறத்தாழ நூறு நிறுவனங்கள் மாநில மக்களில் ஆறில் ஒருவருக்கு நீர் வழங்கினாலும், அந்த மக்களில் மிகப் பெரும்பான்மையோர் ஒன்பது ஏ வகுப்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களே. பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வழக்கறிஞர்களும் பொருளியல் வல்லுநர்களும் வாதாடும் விரிவான விசாரணைக்கு உட்படுகின்றன. சிறியவை கடிதம் ஒன்றின் வழியாகவே கட்டண உயர்வு கோரலாம். சிறு நிறுவனத்தின் தலையில் விசாரணைச் செலவைச் சுமத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுந்த இந்தச் சலுகைக்கு வேண்டாத விளைவு ஒன்றும் உண்டு. கட்டணம் உயர்த்தக் கோரும்போதுதான் ஆணையத்தின் பார்வை நிறுவனத்தின் மீது ஆழமாகப் படிகிறது என்பதால், ஊராரின் மனவருத்தத்துக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் கட்டணத்தைத் தொடாமலே விட்டுவிடும் நிறுவனத்தின் குழாய்கள் மண்ணுக்கடியில் துருப்பிடிப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை.

நீரின் தரத்தைப் பார்ப்பது வேறொரு அமைப்பு. மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிடம் இருந்த அந்தப் பொறுப்பு 2014ஆம் ஆண்டு ஜூலையில் மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மாற்றப்பட்டது. ஒன்று விலையைப் பார்க்கிறது, மற்றது கிருமியையும் ஆர்சனிக்கையும் பார்க்கிறது. குழாயை மாற்று என்று வாரியம் உத்தரவிடும், அதற்கான பணத்தை வசூலிக்கும் அனுமதி ஆணையத்திடமிருந்து வர வேண்டும். பொறியாளர் குழுவே வைத்திருக்கும் பெருநிறுவனம் இந்த இரண்டு வாசல்களிலும் ஏறி இறங்க முடியும். உரிமையாளரே மீட்டரைப் பார்த்து, உரிமையாளரே குழாய் உடைப்பை அடைத்து, உரிமையாளரே ரசீது எழுதும் இடத்தில் அது நடக்கிற காரியமன்று.

ஃபெல்ட்டன் வாங்கியது எதை

ஏறத்தாழ 4,000 பேர் வாழும் ஃபெல்ட்டனில் சுமார் 1,330 குடிநீர் இணைப்புகள் இருந்தன. சிட்டிசன்ஸ் யுடிலிட்டீஸ் என்னும் நிறுவனத்திடமிருந்து இந்த அமைப்பை அமெரிக்கன் வாட்டர் குழுமத்தின் கிளையான கலிஃபோர்னியா அமெரிக்கன் வாட்டர் 2002ஆம் ஆண்டில் வாங்கியது. அந்தக் குழுமத்தையே மறு ஆண்டில் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்.டபிள்யூ.இ. என்னும் எரிசக்திப் பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது. கைமாறிய சில மாதங்களுக்குள் மூன்றாண்டுகளில் எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கட்டண உயர்வு வேண்டுமென ஆணையத்திடம் விண்ணப்பம் போனது. ஆணையம் அதை வெகுவாகக் குறைத்தபோதிலும், அனுமதித்த உயர்வும் சிறியதன்று. மாநகரத்து விசாரணை மன்றத்தில் வல்லுநர்களின் மொழியில் நடக்கும் வாதங்களைப் பின்தொடர்வது ஊர்மக்களுக்கு இயலாத ஒன்றாயிருந்ததோடு, மூன்றாண்டுக்கு ஒருமுறை இதே போரை நடத்த வேண்டியிருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெளிவாயிற்று. உள்ளூர் உடைமையை வேண்டுவோர் சங்கம் ஒன்று உருவானது.

ஆலோசனைகளின் முடிவில் அவர்கள் கண்ட வழி, 1941ஆம் ஆண்டு முதல் அண்டையில் இயங்கிவந்த சான் லொரென்சோ பள்ளத்தாக்கு நீர்மாவட்டத்தை அந்த அமைப்பை வாங்கச் செய்வது. நீர்மாவட்டம் என்பது வரி விதிக்கும் உரிமையும், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐவர் கொண்ட நிர்வாகக் குழுவும் உடைய தனி உள்ளாட்சி அமைப்பு. வாங்கும் பணத்துக்காக 1 கோடியே 10 லட்சம் டாலர் வரை கடன் பத்திரம் வெளியிடவும், அதைத் தீர்க்க ஃபெல்ட்டனின் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு 600 டாலர் வரை முப்பது ஆண்டுகள் சொத்து வரியோடு சேர்த்துச் செலுத்தவும் வகைசெய்யும் தீர்மானம் 2005ஆம் ஆண்டு ஜூலையில் வாக்கெடுப்புக்கு வந்தது. இத்தகைய வரிக்குக் கலிஃபோர்னியச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைக் கோருகிறது. ஃபெல்ட்டனில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்து வாக்களித்தார்கள். முப்பது ஆண்டுக்கு 18,000 டாலர் வரை தங்கள் மீதே சுமத்திக்கொள்ளச் சம்மதித்த இந்த வாக்கு, பணத்தை மிச்சம் பிடிக்கும் ஆசையை மட்டும் காட்டுவதாகக் கொள்ள முடியாது. தங்கள் நீரின் விலையைத் தாங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் தங்கள் கண்ணெதிரே தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் கொடுக்க முன்வந்த விலை அது.

நிறுவனம் விற்க மறுத்ததால் நீர்மாவட்டம் கட்டாயக் கையகப்படுத்தல் வழக்குத் தொடுத்தது. பொதுத் தேவைக்காகத் தனியார் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் விதிக்கும் நெறி. இழப்பீட்டின் அளவைத் தீர்மானிப்பது கலிஃபோர்னியாவில் சாதாரணக் குடிமக்கள் அடங்கிய நடுவர் குழு. அந்தக் குழுவின் முன் விசாரணை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, 2008ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ரொக்கமாக 1 கோடியே 5 லட்சம் டாலர், ஏற்றுக்கொண்ட கடன் 29 லட்சம் டாலர் என மொத்தம் 1 கோடியே 34 லட்சம் டாலருக்கு, ஏறத்தாழ 250 ஏக்கர் நீர்ப்பிடிப்புக் காடும் சேர்ந்து கைமாறியது. இணைப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 டாலர். ஜெர்மானிய நிறுவனம் அமெரிக்கத் தண்ணீர்த் தொழிலிலிருந்தே வெளியேறத் தீர்மானித்து, அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்கன் வாட்டர் பங்குகளைச் சந்தையில் விற்கத் தொடங்கியிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எல்லா ஊர்களுக்கும் இந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே உள்ள கிளேர்மாண்ட் நகரின் வாக்காளர்கள் 2014ஆம் ஆண்டில் தங்கள் குடிநீர் அமைப்பை வாங்க 13 கோடியே 50 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்குப் பெருவாரியாக ஒப்புதல் தந்தும், கையகப்படுத்தலின் தேவையை நகரம் நிறுவவில்லை என்று 2016ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் வழக்குச் செலவாகப் பல மில்லியன் டாலரையும் நகரமே ஏற்க நேர்ந்தது. பிற சொத்துகளைப் பொறுத்தவரை பொது அமைப்பு ஒன்று கையகப்படுத்தல் தேவை எனத் தீர்மானம் நிறைவேற்றினால் நீதிமன்றம் பொதுவாக அதை மறுபரிசீலனை செய்வதில்லை. தண்ணீர், மின்சாரம், எரிவாயு நிறுவனங்களின் சொத்துக்கு மட்டும் அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாதாட நிறுவனத்துக்கு உரிமையுண்டு என்று 1990களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட சட்டத்திருத்தமே இதற்கு வழிவகுத்தது. மொண்டானா மாநிலத்தின் மிசூலா நகரமோ, கார்லைல் முதலீட்டுக் குழுமத்தின் வசமிருந்த தன் குடிநீர் நிறுவனத்தை மாநில உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்று, 8 கோடியே 86 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்ட அந்த அமைப்பை 2017ஆம் ஆண்டு ஜூனில் ஏற்றது. அந்த நிறுவனத்தின் உடன்பிறப்பாக ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் இருந்த கலிஃபோர்னியாவின் ஆப்பிள் வேலி அமைப்பைக் கேட்ட அவ்வூராட்சி 2021ஆம் ஆண்டில் விசாரணை நீதிமன்றத்தில் தோற்றது. 2025ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒரு தாய் நிறுவனத்தின் இரண்டு கிளைகள், இரண்டு மாநிலங்கள், இரண்டு தலைவிதிகள்.

வென்றாலும் தோற்றாலும் இந்த வழக்குகள் அனைத்திலும் ஓர் ஒற்றுமை உள்ளது. வழக்குக்குள்ளான அமைப்புகள் ஓடிக்கொண்டிருந்தவை, லாபம் ஈட்டியவை, கொடுக்கும் விலைக்கு மதிப்புள்ளவை. உரிமையாளர் விட மறுக்கும் சொத்தை எடுப்பது எப்படி என்பதே அங்கே வழக்கு.

பிக் பேசினில் விற்பதற்கு என்ன இருந்தது

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் விழுந்த மின்னல்களிலிருந்து பரவிய தீ சாண்டா குரூஸ், சான் மட்டேயோ மாவட்டங்களில் 86,000 ஏக்கருக்கும் மேல் எரித்து, ஏறத்தாழ 1,500 கட்டடங்களை அழித்தது. மலைச்சரிவில் பள்ளம் தோண்டிப் புதைக்க இயலாத இடங்களில் கறுப்பு பாலிஎத்திலீன் குழாய்களைத் தரைமேலேயே போட்டு ஓடைநீரைக் கீழே இறக்குவது அப்பகுதியின் நெடுநாள் வழக்கம். அந்தக் குழாய்கள் தீயில் உருகின. அழுத்தம் குறைந்த குழாய்களுக்குள் புகை உறிஞ்சப்பட்டு, எரிந்த பிளாஸ்டிக்கின் பென்சீன் நீரில் கலக்கும் ஆபத்தும் எழுந்தது. பெரிய அமைப்பான சான் லொரென்சோ பள்ளத்தாக்கு நீர்மாவட்டம் பல மைல் குழாயை இழந்தும், பிற ஊற்றுகளிலிருந்து நீரைத் திருப்பி, கூட்டாட்சிப் பேரிடர் நிதிக்கு விண்ணப்பித்து, அவசரக் கடன் எடுத்து எழுந்து நின்றது.

சுமார் 500 இணைப்புகளைக் கொண்ட பிக் பேசின் நிறுவனத்திடம் அத்தகைய பலம் எதுவும் இல்லை. வீடுகள் எரிந்ததால் வாடிக்கையாளர் குறைந்தார்கள். வருவாய் குறைந்தபோது செலவு பன்மடங்காயிற்று. தனியார் நிறுவனம் என்பதால் உள்ளாட்சி அமைப்புகளுக்கெனத் திறந்திருந்த பேரிடர் நிதியின் கதவுகள் அதற்கு எளிதில் திறக்கவில்லை. நீர் நின்றுபோவதும், காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு வருவதும், அது நீக்கப்படுவதும், மீண்டும் வருவதும் அப்பகுதி மக்களின் அன்றாடமாயிற்று. தரத்தைப் பார்க்கும் வாரியத்தின் உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிறைவேற்றப் பணமில்லாத இடத்தில் உத்தரவு என்ன செய்யும்? மாநில அதிகாரிகள் நீதிமன்றத்தை நாடிய பின்னர், 2023ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சாண்டா குரூஸ் மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்தது. நீர் வழங்க இயலாத அல்லது விருப்பமற்ற, அல்லது உரிமையாளரால் கைவிடப்பட்ட நிறுவனத்துக்குப் பொறுப்பாளரை அமர்த்தக் கோரும் அதிகாரத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சட்டத்தின் 855ஆம் பிரிவு தருகிறது.

பொறுப்பாளர் என்பவர் உரிமையாளரல்லர். நீதிமன்றத்தின் கையாக இருந்து அன்றாடம் நீர் ஓடச் செய்வதும், கணக்குகளைச் சீர்செய்வதும், நிலையான ஒரு புதிய உடைமையாளரைத் தேடுவதும் அவருடைய வேலை. அவருடைய ஊதியமும், அவர் அமர்த்தும் பொறியாளரின் ஊதியமும் கடைசியில் அதே ஐந்நூறு வீடுகளின் கட்டண ரசீதிலோ மாநிலத்தின் உதவித்தொகையிலோதான் வந்து நிற்க வேண்டும். இருபது ஆண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய குழாய் மாற்றத்தின் செலவை, அதைச் செய்யாமல் விட்டதில் எந்தப் பங்கும் இல்லாத குடும்பங்கள், வீடு எரிந்த கையோடு சுமக்க நேர்கிறது. ஒழுங்குமுறையின் தோல்வி என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கட்டணம் அநியாயமாக உயராமல் காப்பதே தன் கடமை என்று கருதிய ஆணையம், கட்டணம் அபாயகரமான அளவுக்குத் தாழ்ந்து கிடப்பதையும் அதே அக்கறையோடு கவனித்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே நல்ல நிலையில் ஒரு நீர்மாவட்டம் இருக்கும்போது அதோடு இணைத்துவிடுவதில் என்ன தடை என்ற கேள்வி எழுவது இயல்பு. தடை, மக்களைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு சட்டத்தில் இருக்கிறது. கலிஃபோர்னிய வாக்காளர்கள் 1996ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவின்படி, ஒரு மனைக்கு விதிக்கும் தண்ணீர்க் கட்டணம் அந்த மனைக்குச் சேவை தருவதற்கு ஆகும் செலவின் உரிய பங்கை மீறக் கூடாது. எனவே ஒரு நீர்மாவட்டம் தன் பழைய வாடிக்கையாளரிடம் வசூலித்த பணத்தைப் புதிதாகச் சேரும் ஊரின் உடைந்த குழாய்களை மாற்றச் செலவிட்டால் வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும். அதற்குமுன் அதன் நிர்வாகக் குழுவினர் அடுத்த தேர்தலையும் சந்திக்க வேண்டும். அதே பள்ளத்தாக்கின் லாம்பிகோ என்னும் சிறு நீர்மாவட்டம் 2016ஆம் ஆண்டில் பெரிய மாவட்டத்தோடு இணைந்தபோது, சீரமைப்புச் செலவை லாம்பிகோ வீடுகளே தனி வரியாகச் செலுத்துவது என்பதே ஏற்பாடாயிற்று. பொதுத்துறையோடு பொதுத்துறை இணைவதற்கே இந்த நிபந்தனை என்றால், எரிந்துபோன தனியார் அமைப்பை எவர் விரும்பி ஏற்பார்?

விடை தீக்குப் பிறகு அதே மலையில் கிடைத்தது. பிரேக்கன் பிரே, ஃபாரஸ்ட் ஸ்பிரிங்ஸ் என்னும் இரண்டு சின்னஞ்சிறு பரஸ்பர நீர்ச்சங்கங்களும் தீயால் பாதிக்கப்பட்டவை. பரஸ்பர நீர்ச்சங்கம் என்பது மனை உரிமையாளர்களே பங்குதாரர்களாக இருந்து தமக்குத் தாமே நீர் வழங்கிக்கொள்ளும் அமைப்பு. லாப நோக்கம் இல்லாததால் கட்டண ஆணையத்தின் வரம்புக்குள் வராதது. குழாய் இணைப்புக்கான செலவை மாநில நீர்வள வாரியம் மானியமாகத் தர முன்வந்ததும் இவற்றைச் சான் லொரென்சோ நீர்மாவட்டத்தோடு சேர்க்கும் பணி நகரத் தொடங்கியது. எதிர்ப்பு என்பது அயலாரின் மனத்தடையாக மட்டுமே இருந்திருந்தால் மானியத்தால் அது மறைந்திருக்காது. கேள்வி பணத்தைப் பற்றியது. பழைய குழாயின் கடனை யார் தலையில் எழுதுவது என்பதைப் பற்றியது.

மாநிலத்தின் கட்டளை

ஐந்தாண்டு வறட்சியின் நடுவே, 2015ஆம் ஆண்டு ஜூனில் கலிஃபோர்னியச் சட்டமன்றம் இயற்றிய எஸ்.பி. 88 என்னும் சட்டம், தொடர்ந்து பாதுகாப்பான நீரை வழங்கத் தவறும் சிறு அமைப்பை அருகிலுள்ள நல்ல அமைப்போடு கட்டாயமாக இணைக்க நீர்வள வாரியத்துக்கு அதிகாரம் தந்தது. முதலில் விருப்ப இணைப்புக்குக் கால அவகாசம், பின்னர் பொதுவிசாரணை, அதன்பின் உத்தரவு என்று படிகளை வகுத்ததோடு, ஏற்கும் அமைப்பு பழைய அமைப்பின் தவறுகளுக்காக வழக்குகளில் சிக்காதவாறு பாதுகாப்பும் தந்தது. அந்த அதிகாரத்தின் முதல் பயன்பாடு சான் வாக்கின் பள்ளத்தாக்கின் டுலேர் நகரை ஒட்டிய மாத்தனி ட்ராக்ட் என்னும் ஏழைக் குடியிருப்பில் நிகழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அங்கே, பரஸ்பர நீர்ச்சங்கம் ஒன்று வழங்கிய கிணற்று நீரில் ஆர்சனிக் கூட்டாட்சி வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. நகரத்தின் குழாய் குடியிருப்பின் ஓரம் வரை வந்திருந்தும், போதிய நீர் இல்லை என்று நகரம் தயங்கிக்கொண்டிருந்தது. 2016ஆம் ஆண்டில் வாரியத்தின் உத்தரவு வந்தது. அவ்வாண்டே நகர நீர் அந்த வீடுகளுக்குள் ஓடியது. குழாய்த் திருகில் வரும் நீரைத் தயங்காமல் டம்ளரில் பிடித்துக் குழந்தைக்குக் கொடுக்க முடிவது என்பது பல ஆண்டுகள் கடைத் தண்ணீரைச் சுமந்து வந்த குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை எந்தப் பொருளியல் அட்டவணையும் காட்டாது.

சட்டத்தால் மட்டும் இது நிகழவில்லை. தூய்மையான, கட்டுபடியாகும் நீர் ஒவ்வொரு மனிதருக்கும் உரிமை என்று 2012ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியா சட்டத்தில் எழுதியிருந்தது. அமெரிக்க மாநிலங்களில் அவ்வாறு எழுதிய முதல் மாநிலம் அதுவே. ஆனால் அந்த உரிமைக்குப் பணம் ஒதுக்கியது ஏழாண்டுகள் கழித்துத்தான். 2019ஆம் ஆண்டின் எஸ்.பி. 200 சட்டம் 2030ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை சிறு அமைப்புகளின் சீரமைப்புக்கும் இணைப்புக்கும் நடைமுறைச் செலவுக்கும் ஒதுக்கியது. குழாய் பதிக்க மட்டுமே நிதி தந்துவந்த பழைய திட்டங்களிலிருந்து மாறுபட்டு, பதித்த பின் நடத்துவதற்கான செலவையும் இது ஏற்கிறது என்பது பெரிய முன்னேற்றம். ஏழை ஊரில் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை மானியத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, அதன் வடிகட்டியை மாற்ற ஆண்டுதோறும் ஆகும் செலவுக்கு வழியில்லாமல் பூட்டி வைக்கும் நிலை அதற்கு முன் உண்டு.

ஆயினும் இந்தச் சட்டங்களின் கட்டாய இணைப்பு அதிகாரம் பெரும்பாலும் ஊரின் சராசரி வருமானத்தை ஒட்டியே வகுக்கப்பட்டது. மாநிலச் சராசரியின் எண்பது விழுக்காட்டுக்கும் குறைந்த வருமானமுள்ள ஊர்களுக்கு முன்னுரிமை தருவது நியாயமே. ஆனால் மலையூர் ஒன்றில் ஓய்வூதியர், கணினித் துறை ஊழியர், தச்சர், வாடகைக்கு இருப்பவர் எல்லோரும் கலந்து வாழும்போது சராசரி வருமானம் அங்குள்ள குழாயின் நிலையைக் காட்டுவதில்லை. குழாய் எவ்வளவு பழையது, கையிருப்பு நிதி எத்தனை மாதச் செலவுக்குப் போதும், மாற்று நீராதாரம் உண்டா, தகுதிபெற்ற இயக்குநர் இருக்கிறாரா என்பவையே அளவுகோலாக இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் எஸ்.பி. 403 சட்டம், ஏற்கெனவே தவறிய அமைப்புகளோடு தவறும் அபாயத்தில் உள்ள அமைப்புகளையும் இணைக்க உத்தரவிடும் அதிகாரத்தை வாரியத்துக்குத் தந்தது. நோய் முற்றிய பின் மருத்துவரை அழைக்கும் வழக்கத்திலிருந்து மாறிய இந்தத் திருப்பம், கட்டண ஆணையத்தின் நடைமுறைக்குள்ளும் வர வேண்டும். டி வகுப்பு நிறுவனம் ஒன்று பல ஆண்டுகள் கட்டண விண்ணப்பமே தராமல் இருப்பது திருப்தியின் அடையாளமாகக் கொள்ளப்படாமல், ஆய்வாளர் ஒருவரை அனுப்பிக் கிணற்றையும் கணக்கையும் பார்க்க வேண்டிய எச்சரிக்கையாகக் கொள்ளப்பட வேண்டும்.

விலையைப் பற்றியும் சட்டம் தெளிவாக வேண்டும். 1997ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கலிஃபோர்னியச் சட்டம் ஒன்று, தனியார் பெருநிறுவனம் ஒரு குடிநீர் அமைப்பை வாங்கும்போது அதன் சந்தை மதிப்பைத் தன் கட்டண மூலதனத்தில் சேர்த்துக்கொண்டு அதன் மீது லாபம் ஈட்ட அனுமதிக்கிறது. சிறு அமைப்புகளைப் பெரியவை விழுங்குவதை ஊக்குவிப்பதே அதன் நோக்கம். ஆனால் அதே அமைப்பைப் பொதுத்துறை வாங்கினால் கிடைக்கும் ஊக்கம் என்று எதுவும் அச்சட்டத்தில் இல்லை. அதன் மீது லாபம் ஈட்டப் பொதுத்துறைக்கு வழியில்லை. 218ஆம் முன்மொழிவின் கட்டுப்பாடு மட்டும் உண்டு. தராசு இவ்வாறு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் வரை, நல்ல நிலையில் உள்ள சிறு அமைப்புகள் பெருநிறுவனங்களிடம் போகும், ஃபெல்ட்டன் போன்ற ஊர்கள் பின்னால் அவற்றை அதிக விலை கொடுத்து மீட்கும், நொடித்தவை மட்டும் நீதிமன்றப் பொறுப்பாளரின் மேசையில் காத்துக் கிடக்கும். ஏற்கும் நீர்மாவட்டத்துக்கு மாநிலம் தரும் மானியம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனியே மாதக்கணக்கில் பேரம் பேசும் உதவியாக இல்லாமல், பழைய குழாயின் மதிப்பிடப்பட்ட சீரமைப்புச் செலவு முழுவதையும் இணைப்பு நாளிலேயே அளிக்கும் சட்டபூர்வ உரிமையாக மாறினால், பிக் பேசின் போன்ற அமைப்பை ஏற்பதா என்று ஐவர் குழு வாக்கெடுக்கும் கூட்டத்தில் பேசுபொருள் முற்றிலும் வேறாக இருக்கும்.